மிரெல்வாவின் வெள்ளைப் பலகை

கழுதை போய்விட்டது. கடலில் ஓட்டும் பாய்மரப் பலகையின் வால் மூலையில் அதன் குளம்பு மட்டும் அச்சாகப் பதிந்திருந்தது.

“ரெண்டு பலகை இருந்துச்சே, மிதிக்க என்னோடதுதான் கெடைச்சுதா உனக்கு?” என்று வேலிக்கு வெளியே பார்த்துக் கத்தினாள் மிரெல்வா. கழுதை திரும்பிப் பார்க்கவில்லை. கரீபியன் கடலின் பொனேர் தீவுக் கழுதைகள் யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவை.

“நான் ஓடி வரலைன்னா ரெண்டும் சட்னியாயிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டு மீனவர் செஞ்சோ. “கீழ விழுந்து கெடந்துச்சு. தூக்கி நிறுத்தியிருக்கேன். ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டியா?”

“கொட்டகைக் கதவை யாரு தெறந்து போட்டது மாமா?”

செஞ்சோவுக்குச் சட்டென்று வலை பின்னும் வேலை ஞாபகம் வந்தது.

மிரெல்வா தன் பலகையை எப்போதும் கதவோரம்தான் நிறுத்துவாள். ஹாலந்துக்காரர் யோஸ்டின் பலகைக்குச் சுவரோரம். குளம்பு பட்டது கதவோரம் நின்றதில். அன்று செவ்வாய். சனிக்கிழமை போட்டி.

பலகையில் நட்ட பாய்மரத் துணியைப் பிடித்துக்கொண்டு பலகையோடு எகிறி, சுழன்று, பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போகிற வித்தைக்கு லாக் குடாவை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கே உடைகிற பலகைகளைப் பன்னிரண்டு வருடமாக ஒட்டித் தருபவள் மிரெல்வா. எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்வாள். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். மறுவருடம் அவள் சொன்னபடியே பலகை வரும், வேறு ஒருவன் பெயரோடு. அவளுக்கு வயிறு எரியும்.

போன வாரம் ஹாலந்திலிருந்து வந்த வடிவமைப்பாளர் யோஸ்ட் சொன்னார்: “வேகமா ஓடுற பலகை சொன்னபடி கேக்காது. சொன்னபடி கேக்குற பலகை வேகமா ஓடாது. கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துட்டேன்மா.”

“உங்க கம்ப்யூட்டர் எப்பவாவது தண்ணியில எறங்கியிருக்கா? உங்க பலகைக்கு வால் தடிமன் சார். நேரா ஓடும், திரும்பவே திரும்பாது. ரெண்டையும் செய்யுற பலகையை நான் காட்டுறேன்.”

அப்படித்தான் பந்தயம் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே வெள்ளை. யாருடையது என்று தெரியாமலே மூன்று வீரர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். எது தேறுகிறதோ அது யோஸ்டின் கம்பெனித் தொழிற்சாலைக்குப் போகும், செய்தவர் பெயரோடு. பெயர்ச் சீட்டை, பலகையின் அடியில் மீன் துடுப்புபோல நிற்கும் ஃபின்னுக்குள் மடித்து வைத்து, திருகாணியின் மேல் சிவப்பு நகப்பாலிஷ் பூசி முத்திரை வைத்தாள் வாடகைக் கடை ரோசெல்லா. ஃபின்னைத் தொடக்கூடாது. மற்றபடி சனிக்கிழமை வரை அவரவர் பலகையை அவரவர் திருத்திக்கொள்ளலாம்.

“என்னோடதுல திருத்த ஒண்ணுமில்ல. உங்க கொட்டகையிலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு யோஸ்ட் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

மிரெல்வா குளம்புத் தடத்தைத் தடவினாள். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருந்தது. அந்த மூலையை அறுத்து எடுத்து ஃபைபர் ஒட்டினாள். ஒரு பக்கம் மூளியானதால் மறு பக்கத்தையும் அறுத்தாள்.

புதன்கிழமை குடாவில் இறக்கினாள். ஏறிய வேகத்தில் வால் வழுக்கி அவளைத் தண்ணீரில் உட்கார வைத்தது. கால் மாட்டும் வார்களை முன்னால் நகர்த்தினாள். இப்போது பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது, அவள் பாயைத் தாண்டிப் பறந்தாள். அந்த மூக்கில் நாலு விரல் அளவு அறுத்தாள். அதன்பின் பலகை நகரவே யோசித்தது.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு தடிமன் வெச்சேன்?” என்று வியாழக்கிழமை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். “எந்த முட்டாள் இப்படிச் செய்வான்? நானே செஞ்சிருக்கேனே!”

“வெயில்ல ஊதியிருக்கும்” என்றார் செஞ்சோ.

“பலகை என்ன பூரியா ஊதுறதுக்கு?”

வெள்ளிக்கிழமை தேய்த்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ரெசின் பசை ஊற்றி அடைத்தாள். பலகை அம்மிக்கல்லாகக் கனத்தது.

“பேசாம ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு விலகிடு” என்றார் செஞ்சோ.

“விலகுறதா? வால் இல்லாட்டியும் மூக்கு இல்லாட்டியும் இது தண்ணியில எறங்கும். நானும் கரையில நிப்பேன்.”

சனிக்கிழமை கரை நிறையக் கூட்டம். அறுபட்ட பலகையைப் பார்த்ததும் யோஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எது யாருடையது என்று மறைக்க இனி என்ன இருக்கிறது? ஆனாலும் மூன்று பேரும் முறைப்படி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவர்களில் மூத்தவன் ரிக்னால்ட் கரையேறி, அறுபட்டதைக் காட்டினான்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. இது பலகை இல்ல, குளிக்கிற தொட்டி.” பிறகு மற்றதைத் தட்டிக்கொடுத்தான். “இது இருக்கே... திரும்புன்னு நெனைச்சா திரும்பிட்டு நிக்குது. வேகமோ, பாயைப் பிடிச்சிருந்த கையே கழண்டு போச்சு!” மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

யோஸ்டுக்குத் தரையில் கால் பாவவில்லை. “பாத்தீங்களா? வேகமும் இருக்கு, சொன்னபடியும் கேக்குது! இதே அச்சுல போடுறோம், ஒரு முடி மாறாது.” ஒப்பந்தக் காகிதத்தில் அங்கேயே கையெழுத்தும் போட்டார். செய்தவர் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

“ஆக, ரெண்டும் சேந்து முடியும்னு உங்க வாயாலயே ஒத்துக்கிட்டீங்க” என்றாள் மிரெல்வா. அவள் தலை குனியவில்லை. அறுபட்ட பலகையைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தினாள்.

“இது என்னோடது. சிரிக்கிறவங்க நல்லா பாத்துச் சிரிங்க. இதுல இருக்கிற ஒவ்வொரு வெட்டும் என் கையால வெட்டினது. யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் தொணைக்கும் வரல. ஒண்ணுக்கும் நான் வெக்கப்படல. அடுத்த வருஷமும் வருவேன்!”

கூட்டம் கைதட்டியது. யோஸ்டும் பெருந்தன்மையாகத் தட்டினார்.

காகிதத்தில் பெயரை நிரப்ப வேண்டுமே என்று ரோசெல்லா ஜெயித்த பலகையைக் கவிழ்த்தாள். நகப்பாலிஷைச் சுரண்டி, திருகாணியைக் கழற்றி, ஃபின்னுக்குள் இருந்த சீட்டைப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“மிரெல்வா, இதுலதான் உன் பேரு இருக்கு... அப்ப நீ நாலு நாளா வெட்டித் தள்ளினது யாரு பலகையை?”