இருபத்துநாலு எபிசோடும் ஒரு பாலமும்

பெங்களூரில் என்னைவிட முன்யோசனைக்காரன் ஒருவன் இருந்தால் காட்டுங்கள், அவனுக்கு என் பார்க்கிங் இடத்தையே எழுதி வைக்கிறேன். நாணு என்றால் சும்மாவா? எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவன்.

சங்கதி இதுதான். நாலு நாள் லீவு. சக்லேஷ்புரம் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனில் குரல் வரும், நெட் வராது. மாமனார் சுந்தரம் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ரிடையர் ஆனவர். சர்வீசில் ஒரு பாலம் கட்டினார். கட்டி முடிக்க மூன்று வருஷம்தான். சொல்ல ஆரம்பித்து முப்பது வருஷமாகிறது, இன்னும் இரண்டாவது தூணைத் தாண்டவில்லை. அகப்பட்ட ஒரே ஆள் நான். போன தடவை நாலு நாளும் அந்தப் பாலத்திலேயே கழிந்தது. இந்தத் தடவை மாட்டுவதாக இல்லை.

ஆபீஸ் நெட்டில் ஒரு துப்பறியும் தொடரின் இருபத்துநாலு எபிசோடையும் போனில் இறக்கினேன். காதில் ஹெட்போன், கட்டிலில் நான். லீவு என்றால் அதுவல்லவோ லீவு.

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி ருக்குவிடம் பெருமையாகக் காட்டினேன். அப்பாவிடமிருந்து தப்பிக்கும் திட்டமா என்று எகிறுவாள் என நினைத்தேன். அவளோ காபியை நீட்டினாள்.

"எல்லாம் ஓடறதான்னு இங்கயே ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடுங்கோ. அங்க போய் ஓடலேன்னா என்ன பண்ணுவேள்?"

சொக்கிப்போனேன். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? இருபத்துநாலையும் வரிசையாக அமுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். ஜம்மென்று ஓடின. ஆறு மணிக்குள் சோதனை முடிந்தது.

வெள்ளிக்கிழமை பயணத்திலேயே போயிற்று. சனிக்கிழமை காலையிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஆச்சரியம், மாமனார் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஏழாவது எபிசோடு முடிந்தது. கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற நேரம். எட்டாவதைத் தொட்டேன். 'காலாவதியாகிவிட்டது' என்று வந்தது. ஒன்பது? காலாவதி. இருபத்துநாலும் காலாவதி. புதுப்பிக்க வேண்டுமென்றால் நெட் வேண்டுமாம்.

சமையலறைக்கு ஓடினேன். ருக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை ஓடவிட்டா நாற்பத்தெட்டு மணி நேரந்தான்னு சின்ன எழுத்துல போட்டிருக்கே," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் என் சீரியல் இப்படிப் போனப்போ, 'எதையும் படிச்சுட்டு அமுக்கு'ன்னு சொன்னேளே. அன்னிலேர்ந்து படிச்சுண்டுதான் இருக்கேன்."

பதினாறு வருஷ அனுபவம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வியாழக்கிழமை இவள் தெரிந்தே போட்டுப் பார்க்கச் சொன்னாளா, மறந்துபோய்ச் சொன்னாளா? யோசித்தபடியே ஹாலுக்கு வந்தேன். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன. நடுவில் மேஜை மேல் பாலத்தின் வரைபடம் விரித்திருந்தது.

"வாங்கோ மாப்பிள்ளை, கூத்கொள்ளி," என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார் மாமனார். "சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல நீங்க ஃப்ரீன்னு ருக்கு வியாழக்கிழமையே போன்ல சொல்லிட்டா."