வடக்குத் தெரு ஏர்ல் போட்ட மார்க்

சலவை எந்திரத்தை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அமோஸ் பிக்கெட் போனில் தன் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டார்.

"கஸ், நான்தான் ஏர்ல். வடக்குத் தெரு ஏர்ல்."

"சொல்லுங்க ஏர்ல் அண்ணே. கார்வெல் பிக்கெட்டை ஹெரான்ஸ் வேற ஊருக்குத் தள்ளிவிடப் போறதாப் பேச்சு. என்ன மார்க் போடுவீங்க?"

"ஃபெயில். அவன் நம்ம ஊர்ப் புள்ளை. அவனைத் தள்ளிவிடறதும் வீட்டுத் தூணைப் பிடுங்கி அடுப்பெரிக்கறதும் ஒண்ணு."

டொலீடோவில் மாலையானால் இதுதான் எல்லோருக்கும் வேலை. ஹெரான்ஸ் கூடைப்பந்து அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கினாலும், வானொலியில் கஸ் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போன் போட்டு அதற்கு மார்க் போடுவார்கள். அணி ஜெயித்தே பல காலம் ஆனதால், ஆட்டத்தைவிட மார்க்கில்தான் விறுவிறுப்பு.

அமோஸுக்கு மட்டும் இது பொழுதுபோக்கு இல்லை. கார்வெல் அவர் பெற்ற பிள்ளை. ஆட இறங்காமல் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்தான். ஆனாலும் உள்ளூர் ஆட்டம் ஒன்றுவிடாமல் போய், அவன் எழுந்து தண்ணீர் குடித்தால்கூடக் கைதட்டுவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனை அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யார் வருவது? அப்பன் பேசினால் ஊர் மதிக்காது என்றுதான் இந்த ஏர்ல் வேஷம்.

அடுத்து, வழக்கம்போல, கிழக்குக் கரை வில்மா லைனுக்கு வந்தார்.

"கஸ் தம்பி, யாரைக் கொடுக்கணும், யாரை வாங்கணும்னு டீம் மேனேஜருக்குத் தெரியும். அவரு எதைச் செஞ்சாலும் என் மார்க் ஏ பிளஸ்."

"இந்தம்மாவுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னாவது தெரியுமா?" என்று அமோஸ் சலவை எந்திரத்திடம் கேட்டார்.

மறுநாள் செய்தி வந்தது. கார்வெல் உள்ளூர் ரசிகர்களே தூண் என்று புகழ்கிற வீரனாம். சியாட்டில் அணிக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டதாம்.

மனைவி லொரெய்ன் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நல்ல சரக்கு, நல்ல சரக்குன்னு கூவினா வாங்க ஆள் வராம இருக்குமா?"

"சரி, இன்னிக்கு மட்டம் தட்டிடறேன்."

"பெத்த புள்ளையவா?"

"அவன் நல்லதுக்குத்தான்."

அன்றைக்கு ஏர்ல், கார்வெலுக்கு முழங்கால் போச்சு என்றார். யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ போட்டால்கூடப் பந்து கூரையைத் தேடிப் போகும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே நெஞ்சு எரிந்தது.

"ஏர்ல் இன்னிக்குத்தான் புத்தியோட பேசியிருக்காரு," என்றார் வில்மா. "அப்படிப்பட்டவனை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அடுத்த ஆட்டத்தில் கார்வெல் ஃப்ரீ த்ரோவுக்கு நின்றபோது அரங்கமே "முழங்கால், முழங்கால்" என்று கத்தியது. பந்து இரண்டு தடவையும் வெளியே போனது. பக்கத்து இருக்கைக்காரர் அமோஸின் விலாவில் இடித்தார்.

"ஏர்ல் சொன்னது சரிதான், பார்த்தீங்களா?"

இனி மகனைப் பற்றிப் பேசுவதில்லை, மேனேஜரின் மானத்தை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார் அமோஸ். அவனையே வேலையைவிட்டுத் தூக்கிவிட்டால் பையனை யார் அனுப்புவது?

"கஸ், புது ஆட்டக்காரங்கள்ல முதல்ல பொறுக்கிக்கற உரிமையை இந்த ஆளு போன வருஷம் வித்தான். இப்போ நல்ல ஆட்டக்காரன் ரெண்டு பேரைக் கொடுத்து ஒரு உரிமையை வாங்கியிருக்கான். எது? நாம வித்த அதே உரிமை. தன் மாட்டையே ஏலத்துல ரெட்டை விலைக்கு எடுத்துட்டு வந்து, 'அட, நம்ம மாடு மாதிரியே இருக்கே'ன்னானாம் ஒருத்தன். இவனை எந்த நேரத்துல பெத்தாங்களோ."

கஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊரே சிரித்தது. வில்மா மட்டும், "ஏர்ல் யாருன்னு எனக்குத் தெரியாதா? இதுக்கெல்லாம் நான் வாயால பதில் சொல்றதா இல்லை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கார்வெலை சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தது, இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு பழைய நட்சத்திரம்.

விடைபெற வந்த கார்வெல் வாசலில் நின்று சொன்னான். "அங்க நிறைய ஆட விடுவாங்களாம்பா. ஏர்ல்னு ஒருத்தன் ரேடியோல என்னைக் கிழிச்சுட்டான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"விடுடா, வயசானவனா இருப்பான்," என்றார் அமோஸ்.

அன்று மாலை அவர் சலவை எந்திரத்தை ஓடவிடவில்லை. சமையலறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சொந்தக் குரலில் பேசினார்.

"கஸ், என் பேரு அமோஸ் பிக்கெட். ஏர்லும் நான்தான். முழங்கால்னு சொன்னது பச்சைப் பொய். கார்வெல் என் மகன். பெஞ்சுல உக்கார வச்சப்பவும் பயிற்சிக்கு முதல் ஆளாப் போவான். ஒருநாளும் முகம் கோணினதில்லை. அவன் இந்த ஊருக்கு ஆடினதே எனக்குப் பெருமை. சியாட்டில்ல ஆடினாலும் பெருமைதான். அவனுக்கு என் மார்க் ஏ பிளஸ்."

கஸ் ஒரு பாட்டைப் போட்டுவிட்டான். லொரெய்ன் பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தாள். அமோஸுக்குப் பல நாள் பாரம் இறங்கியது போல இருந்தது.

பேர் கேட்டு லைன் கொடுக்கும் பெண் போனில் வந்தாள். "ரொம்ப நல்லாப் பேசினீங்க சார்."

"ஒரு உதவி பண்ணும்மா. அந்த வில்மா அம்மாகிட்ட இதை மட்டும் கேளு. பெத்த புள்ளையை ஊர் முன்னாடி ஒருத்தன் அவமானப்படுத்தினா, அவங்க சும்மா இருப்பாங்களா?"

"சும்மா இருக்கலையே சார். அவங்க மேனேஜரோட அம்மாதானே."