கோபம் தணிந்ததற்கு ஒரு கையெழுத்து

"ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுடா! தலையைப் பிடிச்சு ஏன் இழுக்கிற?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே வருது மாமா," என்றான் மைத்துனன்.

விமானக் கொட்டகையின் வாசலில், காலி டின் ஒன்றின் மேல் தலைவர் உட்கார்ந்திருந்தார். வார நாட்களில் அவர் குளியலறை ஓடு விற்கிற கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைவர். சாலையில் மோட்டார் சைக்கிளை உறும விட்டுக்கொண்டு வந்து, இங்கே இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் ஏறிப் பறக்கிற கும்பல் ஒன்று இருந்தது. அதற்கு அவர் தன்னைத்தானே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். தோல் சட்டையின் முதுகில் 'விண்ணும் எனதே, மண்ணும் எனதே' என்று தங்க நூலில் தைத்திருக்கும். அதன் கீழே 'வீடு மட்டும் அவளுடையது' என்றும் தைத்துவிடட்டுமா என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவரேதான் துவைக்கிறார்.

ஹெல்மெட் லேசுப்பட்டதல்ல. பைக்குக்கும் அதுதான், விமானத்துக்கும் அதுதான். ரேடியோவெல்லாம் உள்ளேயே இருந்தது. பக்கவாட்டில் ஏதோ ஒரு பொத்தான் லொடலொடவென்று ஆடுகிறதே என்று, காலையில் கிளம்புகிற அவசரத்தில் பசையை விட்டு அழுத்தி ஒட்டினார். பசை வழிந்து தாடை வாரின் கொக்கியிலும் இறங்கிவிட்டது. மாட்டும்போது சொன்னபடி கேட்ட கொக்கி, கழற்றும்போது கேட்கவில்லை.

"வாரை அறுத்துடலாமா மாமா?"

"உன் கழுத்தை அறுப்பேன். என்ன விலை தெரியுமா இது?"

இன்றைக்கென்று பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்? போன மாதம், இறங்குகிற வரிசையில் எவனோ முந்திவிட்டான் என்பதற்காக, ஆகாயத்திலேயே ரேடியோவைத் திறந்து "உங்க தாத்தா வாங்கிப் போட்ட வானமாடா?" என்று ஆரம்பித்தவர், சக்கரம் தரையைத் தொடும்வரை நிறுத்தவில்லை. அந்த ரேடியோவில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இன்று தேர்வாளர் வந்து, இவர் கோபம் தணிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் உரிமம் திரும்பும். போடாவிட்டால் ஆயுசுக்கும் தரைதான். அடுத்த ஞாயிறு கும்பல் மொத்தமும் வரிசை கட்டிப் பறக்கப்போகிறது. கீழே நின்று கையாட்டுகிறவரை எவன் தலைவர் என்பான்?

"எங்கேடா அந்த ஆளு? ஒன்பது மணிக்கு வர்றேன்னாராம். அவரும் பைக் பைத்தியம்தானாமே, ரோட்டைப் பாரு!"

"ரோட்டுல ஒரு நாய் வருது மாமா."

"ஒரு மனுஷனைக் கூப்பிட்டு, கோபமே படாதேன்னு உட்கார வெச்சுட்டு, நேரத்துக்கு வராம இருந்தா கோபம் வராம கொட்டாவியா வரும்?"

"மூச்சை இழுத்து விடச் சொன்னா அக்கா."

"இழுத்து விட்டா கண்ணாடி பூரா ஆவி படியுதுடா! உங்க அக்கா யோசனைதானே!"

மைத்துனன் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து கொக்கியில் ஊற்றினான். கொக்கி அசையவில்லை. நுரை மட்டும் மேலேறி, ஒரு கண்ணில் நுழைந்தது. தலைவர் எழுந்து ஒற்றைக்காலில் ஆடினார். எண்ணெய் விட்டால் இளகும் என்று எஞ்சின் எண்ணெயை விட்டான். அது கழுத்தைச் சுற்றி முதுகுக்குப் போய், தங்க நூல் வழியாக இறங்கி, விண்ணைக் கறுப்பாக்கிவிட்டு மண்ணில் போய் நின்றது.

"டேய், சட்டை! சட்டைடா!"

"சட்டையைக் கழட்டிடுங்க மாமா."

"தலை வழியாத்தானேடா கழட்டணும்!"

"ஜிப் இருக்கே மாமா, முன்னாடி."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினார். அது அதுவரை அவருக்கு நினைவில் இல்லை.

சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. ஹெல்மெட்டுக்குள் திணிக்க முடியாமல், வாய்க்கு நேரே பிடித்து, எதிரில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமலே கத்தினார்: "லோன் வேண்டாம்! கார்டு வேண்டாம்! வைய்யி!"

மறுபடி அடித்தது. மறுபடி கத்தினார். மூன்றாம் தடவை அணைத்தே போட்டார்.

"ஏதாவது முக்கியமான போனா இருக்கப்போகுது."

"முக்கியமான ஆளுங்க என்னைக் காத்திருக்க வைக்கிறாங்க. வெட்டி ஆளுங்கதான் போன் பண்றாங்க."

இறங்குதளத்தின் கோடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் மொட்டை மாடியில், அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு சிவப்புத் துணியை வீசி வீசி உதறிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா? வேலை நேரத்துல துணி காயப்போடுறா. கேக்க ஆளில்ல."

"நம்மளைப் பார்த்து ஆட்டுற மாதிரி இல்ல?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு போய்ச் சொல்லு."

தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் மறுபடியும் இரைந்துகொண்டு போனது. இவர்கள் வந்ததிலிருந்து அது அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் அண்ணாந்தார். நுரை மறு கண்ணிலும் இறங்கியது.

"இவன் வேற! திருப்புறதைப் பாரு, மாவாட்டுற மாதிரி. எவன்டா இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது? டேய், ஒண்ணு எங்கேயாவது போ, இல்ல இறங்கித் தொலை!"

"அவருக்குக் கேக்கவா போகுது?"

"கேட்டா நல்லாயிருக்கும்!"

நல்லவேளையாக ஹெல்மெட்டுக்குள் இருந்த ரேடியோவாவது இன்று வாயை மூடிக்கொண்டிருந்தது. வழக்கமாக யாராவது ஒருவர் அதில் கரகரவென்று பேசிக்கொண்டே இருப்பார்கள். இன்று மூச்சில்லை. உலகத்தில் அது ஒன்றுதான் தன்னை மதிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மாமா, தேர்வாளர் வந்தா என்ன பேசுவீங்க? ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மனசு ஆறும்."

தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டார். குரலைத் தேனில் தோய்த்தார். "ஐயா, நான் திருந்திட்டேன். இப்பல்லாம் எறும்பு கடிச்சாலும் அதுகிட்ட மன்னிப்புக் கேக்கிறேன். எனக்குக் கோபம்னா என்னன்னே மறந்துபோச்சு."

"பிரமாதம்! கண்ணுல தண்ணியே வந்துடுச்சே!"

"சோப்புடா அது. இந்தப் பணிவெல்லாம் கையெழுத்து வாங்குற வரைக்கும்தான். வாங்கினதும் மேல ஏறி, அந்தச் சோம்பேறித் தேர்வாளர் வீட்டு மாடியை உரசுற மாதிரி ஒரு ரவுண்டு போடறேனா இல்லையா பாரு. அந்த ஆளுக்கு விமானம் ஓட்டவா தெரியும்? காத்தாடி குடுத்தா நூலைத் தின்னுட்டு வந்து நிப்பார்!"

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். தலைவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தேர்வாளரின் நடை, உடை, மூளையின் எடை என்று வரிசையாக எடுத்துவிட்டார். அந்த மனிதரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது பேச்சின் ஓட்டத்துக்குத் தடையாக இருக்கவில்லை.

அப்போது துணி உதறிய பெண், அதே சிவப்புத் துணியைக் கையில் பிடித்தபடி, இறங்குதளத்தின் குறுக்கே தலைதெறிக்க ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. வந்தவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தலைவரைச் சுற்றி வந்து, ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை நகத்தால் நெம்பினாள். பிறகு இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தாடை வாரை நறுக்கென்று வெட்டினாள்.

"ஏம்மா! யாரைக் கேட்டு வெட்டுற? தேர்வாளர் வரட்டும், முதல்ல உன்னைப் பத்தித்தான் சொல்லப்போறேன்!"

அவள் ஹெல்மெட்டைப் பிடுங்கி, தூரமாக வைத்துவிட்டு, மூச்சு வாங்க வானத்தைக் காட்டினாள்.

"அவர் ஒன்பது மணிக்கே வந்துட்டார் சார், நீங்க பசை போட்டு ஒட்டினது பேசுற பொத்தான், அதுல நீங்க இடைவிடாம பேசிக்கிட்டே இருந்ததால இறங்க அனுமதி கேக்க வழியில்லாம, இவ்வளவு நேரமா நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டே உங்க தலைக்கு மேலதான் சுத்திக்கிட்டிருக்கார்!"