பதினாலாம் பக்கத்துக் காய்ச்சல்

"அப்பா, பதினாலாம் பக்கத்துல காய்ச்சல் பாதிதான் இருக்கு."

பக்கக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தார். அவருடைய திரையில் காய்ச்சல் முழுசாக இருந்தது. எவ்வளவு ஏறினால் என்ன செய்வது, எப்போது டாக்டரிடம் போவது, யாரைக் கூப்பிடுவது என்று கட்டம் கட்டமாக, நூல் பிடித்தது போல நின்றது.

"மீதிக் காய்ச்சல் எங்க போச்சு?"

"அடுத்த பக்கத்துல இருக்குப்பா. கேஸ் அடுப்புக்குக் கீழே."

"எனக்கு இங்க சரியாத் தெரியுதே."

"உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் அடிக்கப்போறது எனக்குத்தானே."

"வை, பார்த்து அனுப்புறேன்" என்றார்.

வீட்டு உபயோகப் பொருள்களோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, எல்லோரும் முதலில் கையில் எடுத்து, படிக்காமல் பரணில் போடுவார்களே, அந்தக் கையேடுகளைத் தயாரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. எழுதுவது வேறொருவர், படம் போடுவது வேறொருவர். எழுத்தும் படமும் பக்கத்தில் எங்கெங்கே நிற்க வேண்டும், அதே பக்கம் அச்சில் எப்படி வரும், கணினியில் எப்படி வரும், போனில் எப்படி வரும் என்று பார்த்து அனுப்புவது இவர் பொறுப்பு. அதனால் ஆபீசில் எல்லோருக்கும் அவர் பக்கக்காரர்.

ஒரே மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை வண்டி ஏற்றிவிட்டு வந்த அன்றே பக்கக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். தனக்குத் தெரிந்த ஒரே வகையில் மகளுக்கு ஒரு கையேடு செய்ய ஆரம்பித்தார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தில், 'இக்கையேட்டை முழுமையாகப் படித்த பின்னரே வீட்டைப் பயன்படுத்தவும்' என்றிருந்தது.

"பொண்ணுக்கு எழுதுறீங்களா, மிக்ஸிக்கு எழுதுறீங்களா?"

"உள்ள படிச்சுப் பாரு. எல்லாம் இருக்கு."

இருக்கத்தான் செய்தது. ஃபியூஸ் போனால், குழாய் ஒழுகினால், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், காய்ச்சல் வந்தால். ஆபத்தான இடத்திலெல்லாம் ஒரு எச்சரிக்கை முக்கோணம். மற்றக் கையேடுகளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பத்திரப்படுத்தி வைக்கவும்' என்று வரும். இதில் அந்த இடத்தில் 'சாப்பிட்டியா?' என்று போட்டிருந்தார்.

மற்றது எப்படிப் போனாலும் காய்ச்சல் பக்கம் சரியாக இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கவலை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வந்தால் சரசரவென்று ஏறும். இங்கே இருந்தவரை நெற்றியில் கைவைத்துப் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். அங்கே தனியாகப் படுத்துக்கொண்டு போனைத் திறக்கிற நேரத்தில், 'டாக்டரிடம்' என்ற சொல் ஒரு பக்கத்திலும் 'போகவும்' என்ற சொல் மறுபக்கத்திலும் கிடந்தால்?

எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினார். கட்டங்களை நெருக்கினார். காய்ச்சல் ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. ஆனால் அது மேலே ஏறிய வேகத்தில் குழாய் முன் பக்கத்துக்குப் போய், சாவி நடுவில் மாட்டிக்கொண்டு, பொருளடக்கத்தில் இருந்த எண்கள் எல்லாம் பொய்யாகிவிட்டன. அவற்றையும் உட்கார்ந்து திருத்தி அனுப்பினார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"காய்ச்சல் சரியாயிடுச்சுப்பா."

"நல்லது."

"ஆனா கொம்பெல்லாம் கழண்டு நிக்குது."

"எந்தக் கொம்பு?"

"எழுத்தோட கொம்புதான். எழுத்து ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம். நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம்."

பக்கக்காரருக்கு அந்த வட்டத்தைத் தெரியும். எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று புரியாதபோது கணினி போடும் வட்டம் அது.

மனைவி அருகில் வந்து கையை நீட்டினாள். "எனக்கு ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"இரு. கொம்பு கழண்டு கிடக்கு."

"யாருக்கு?"

அடுத்த நாள் ஆபீசுக்குப் போனதும் பிழை திருத்தும் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பிடிஎஃப் ஆக்கித்தானே அனுப்புனீங்க?"

"ஆமா."

"அப்போ அப்படி வராதே சார். அது போட்டோ பிடிச்ச மாதிரி. இங்க எப்படி நிக்குதோ, எந்தப் போன்ல திறந்தாலும் அப்படியே நிக்கும்."

"வந்திருக்கே."

"எழுத்துருவை உள்ளேயே வச்சு அனுப்புனீங்களா? வைக்கலேன்னா அந்தப் போன் தன்கிட்ட இருக்கிறதை எடுத்து மாட்டிவிடும். அடுத்தவன் சட்டை மாதிரி, தோள்ல நிக்காது."

"வச்சுத்தான் அனுப்பினேன்."

"அப்ப போன்லதான் ஏதோ கோளாறு."

"புதுப் போன். நான்தான் பார்த்து வாங்கிக் குடுத்தேன்."

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பக்கக்காரர் எழுத்துருவையே மாற்றினார். புது எழுத்துருவில் கொம்புகள் அழகாக ஒட்டிக்கொண்டன. ஆனால் அதில் முக்கோணம் கிடையாது. ஆபத்து இருந்த இடங்களில் எல்லாம் காலிப் பெட்டிகள் வந்து நின்றன. சரி என்று முக்கோணத்தைப் படமாக வரைந்து ஒட்டினார். வரியோடு சேர்த்துக் கட்டிவைக்காத படம், இடம் கிடைத்த பக்கம் நகர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டார்.

வீட்டில் அதை முதலில் பார்த்தது மனைவிதான்.

"'அம்மாவை அழைக்கவும்'னு இருக்கே, பக்கத்துல என்ன இது?"

"முக்கோணம்."

"கரண்ட் கம்பத்துல மாட்டுவாங்களே, அதுதானே?"

"அது தானா நகர்ந்து வந்திருக்கு."

"இத்தனை பக்கத்துல அதுக்கு என் பக்கத்துலதான் இடம் கிடைச்சுதா?"

அன்றைக்குத் தட்டு மேஜையில் வந்து உட்கார்ந்த சத்தத்திலேயே ஒரு முக்கோணம் இருந்தது. பக்கக்காரர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

பக்கம் என்று ஒன்று இருப்பதால்தானே இந்தப் பாடு என்று அவருக்குத் தோன்றியது. பக்கமே இல்லாத வடிவம் ஒன்று உண்டு. அதில் எழுத்து தண்ணீர் மாதிரி. போன் எவ்வளவு அகலமோ அதற்குத் தக்கபடி ஓடி நிரம்பிக்கொள்ளும். கையேட்டை அப்படி மாற்றி அனுப்பினார்.

"இப்ப எப்படி?"

"எழுத்தெல்லாம் நல்லா இருக்குப்பா. ஃபியூஸ் படம்தான்..."

"சொல்லு."

"காய்ச்சலுக்குள்ள வந்துடுச்சு. நெத்தியில ஈரத்துணி போடவும்னு இருக்கு. கீழே ஃபியூஸைக் கழட்டுற படம்."

பக்கக்காரர் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. அங்கே அவளும் சிரித்தாள்.

"ஆமா, உங்க வீட்டுல ஃபியூஸ் எங்க இருக்கு?"

"மாடிப்படிக்குக் கீழேப்பா. கை எட்டாது, ஸ்டூல் போட்டுத்தான் ஏறணும்."

"ஸ்டூல் ஆடுமா?"

"ஆடும்."

"அதுக்கு ஒரு பக்கம் போடுறேன். வேற?"

வேறு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலையில் பாடுகிறார். ஆபீசில் மேலதிகாரி காரணமில்லாமல் சத்தம் போடுகிறார். ஒருநாள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பக்கக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "அதுக்கும் ஒரு பக்கம் போடுறேன்" என்றார்.

"என்ன சொல்றா?" என்று மனைவி கேட்டாள்.

"படம் இடம் மாறி இருக்காம்."

இப்படியே போனது. அவள் ஒரு குறை சொல்வாள், இவர் சரி செய்வார், அதிலிருந்து இன்னொன்று கிளம்பும். நடுவில் புதுப்புதுப் பக்கங்கள் வேறு சேர்ந்தன. 'மேலதிகாரி சத்தம் போட்டால்' என்ற தலைப்பில், 'சாதனம் சூடாக இருக்கும்போது தொட வேண்டாம். ஆறவிடவும்' என்று எழுதினார். எழுதிவிட்டு, 'தவறு உன்னுடையது அல்ல' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி உள்ளே போனதும் பின்னால் இருந்தவை எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரிந்தன. போன் மட்டும் ஓயவில்லை. மனைவி நீட்டிய கையை நீட்டியபடி எதிரே உட்கார்ந்து, அப்படியே சோபாவில் தூங்கியும் போவாள்.

மேனேஜர் ஒருநாள் வாட்டர் ஹீட்டர் கையேட்டின் மாதிரிப் படியைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"வாட்டர் ஹீட்டர் எதுக்கு சார் பக்கத்துக்குப் பக்கம் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்குது?"

பக்கக்காரர் எழுந்து நின்றார். ஆபீஸ் கையேடுகளுக்கான டெம்ப்ளேட்டை வைத்துத்தான் மகளின் கையேட்டையும் செய்திருந்தார். எந்த நேரத்திலோ மாற்றிச் சேமித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தைப் பற்றி ஒருவரும் ஒரு புகார் சொன்னதில்லை.

"என் தப்புதான் சார். எடுத்துடறேன்."

"இப்படியே ஹீட்டர் கம்பெனிக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எடுத்துடறேன் சார்."

மேனேஜர் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அதுவும் கேட்டது. படியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இன்னும் சாப்பிடலை. கேட்டதால சொல்றேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போய்க் கையில குடுத்துட்டு வாங்க. பேப்பர்ல இருக்கிறது நகராது."

"காய்ச்சல் பக்கம் மட்டும் ஒழுங்கா இருந்தா எனக்குப் போதும்."

"தெரியும். போயிட்டு வாங்க."

பழைய பிடிஎஃப்புக்கே திரும்பி, அச்செடுத்து, கம்பிச் சுருள் போட்டுக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையிலிருந்து அதை எடுத்தபோதுதான் பார்த்தார். இடப்பக்கத்துக்கு ஒரு ஓரம், வலப்பக்கத்துக்கு ஒரு ஓரம் விட வேண்டும், விடவில்லை. கம்பி ஒன்று விட்டு ஒரு பக்கத்தில் வரிகளின் வழியாகவே போயிருந்தது. காய்ச்சல் பக்கத்தில் எல்லா வரிக்கும் வாலில் ஒரு ஓட்டை.

திரும்பிப் போக முடியாது. பேனாவை எடுத்து, பஸ் குலுங்காத நேரம் பார்த்து, ஓட்டை தின்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார்.

மாடிப்படி, பாடும் பக்கத்து வீடு எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. கதவைத் திறந்தது கூடத் தங்கியிருக்கும் பெண்.

"வாங்க அங்கிள். அவ கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா. வர்றதாச் சொல்லவே இல்லையே."

"இதைக் குடுத்துட்டுப் போகலாம்னுதான். அவ போன்ல ஒண்ணுமே சரியா வரலை பாரும்மா. பாவம், எத்தனை தடவை."

அந்தப் பெண் அவர் கையில் இருந்த கம்பிச் சுருளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். பக்கக்காரரும் பின்னாலேயே போனார். கேஸ் அடுப்பின் குழாயைப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுப்புக்கு எதிர்ச் சுவர் முழுவதும் காகிதம் ஒட்டியிருந்தது. ஃபியூஸ், குழாய், சாவி. எண்ணெய் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள். கொம்புகள் எழுத்தோடு ஒட்டி நின்றன. முக்கோணங்கள் அவர் முதன்முதலில் வைத்த இடத்திலேயே இருந்தன. ஸ்டூல் பற்றியோ மேலதிகாரி பற்றியோ ஒரு பக்கமும் இல்லை. பதினாலாம் பக்கம் கண் மட்டத்தில் இருந்தது. பக்கக்காரர் விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்பம்மா ஒட்டினது?"

"நீங்க முதல்ல அனுப்புன அன்னிக்கே அங்கிள். அவதான் பிரிண்ட் எடுத்துட்டு வந்தா. எனக்கு ஜுரம் வந்தப்போகூட இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செஞ்சா."

"காய்ச்சல் முழுசா இருக்கே."

"இருக்கு அங்கிள்."

"அப்புறம் எதுக்குத் தினமும்..."

அந்தப் பெண் தண்ணீர்த் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா வந்துடுச்சுன்னு சொல்லிட்டா, நீங்க போனை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடுவீங்களாம் அங்கிள்."