ஆயருக்காகச் செய்த பூட்டு

பெருமை பேசக் கூடாது என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசுவதற்குப் பெருமை எதுவும் இருக்காது. என்னிடம் இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன், திண்டுக்கல்லில் சொந்தமாகப் பூட்டுப் பட்டறை போட்டு, பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். நான் செய்த பூட்டைக் கள்ளச்சாவி போட்டு எவனும் திறந்ததில்லை. (நல்ல சாவி போட்டும் ஒரு தடவை திறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் சொன்னால் அளவாகச் சொல்வேன். என் மனைவி மரியபுஷ்பம் சொன்னால் நடித்தும் காட்டுவாள்.)

எங்கள் சூசையப்பர் கோயில் முதலில் வெறும் ஓட்டுக் கட்டடம். இருபது குடும்பம், இருபதும் பூட்டு வேலை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் உட்காருவோம். தொண்ணூறுகளில் வத்தலக்குண்டு ரோட்டில் காலனி வந்தது. டீச்சர், நர்ஸ், ரயில்வேக்காரர், பேங்க்காரர் எல்லாரும் எங்கள் பூசைக்கு வர ஆரம்பித்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். (நாங்கள் மனப்பாடமாகப் பாடுவோம். என் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அதே பாட்டுதான்.) சில வருஷத்தில் அவர்கள் நூறு குடும்பம் ஆனார்கள், நாங்கள் அதே இருபது. இடம் போதாமல் புதுக்கோயில் கட்டினோம். கட்டி முடித்ததும் எங்கள் பட்டறைகளில் ஒரே கேள்விதான். இது இனி யார் கோயில்?

பங்குக் கூட்டத்தில், வாசக்கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று பங்குச்சாமி சொன்னார். ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். திருச்சிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். பாடகர் குழு அவர் பொறுப்பு.

"பக்கக் கதவுக்கு அலிகார் பூட்டு வாங்கினோமே ஃபாதர், அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டுரலாம்."

அலிகார் வடக்கே இருக்கிற பூட்டு ஊர், எங்கள் பிழைப்பில் மண் போட்ட ஊர். எங்கள் இருபது குடும்பமும் ஒரே நேரத்தில் இருமியது.

நான் எழுந்தேன். "டீச்சரம்மா, மதுரையில குடியிருந்துக்கிட்டு மல்லியப்பூவ வெளியூர்ல இருந்து வரவழைப்பீகளா?"

"வாடாம இருந்தா வரவழைப்பேன் அண்ணே."

காலனிக்காரர்கள் சிரித்தார்கள். வாசக்கதவுப் பூட்டு என் காணிக்கை என்று அங்கேயே அறிவித்துவிட்டேன்.

புதுக்கோயிலை அர்ச்சித்துத் திறக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் எல்லாரும் நிற்க, ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், சாவியைக் கொடுப்பார்கள். அவர் பங்குச்சாமியிடம் கொடுத்துத் திறக்கச் சொல்வார். இதைக் கேட்டதும் என் மூளை வேலை செய்தது. (பள்ளிக்கூடத்தில் அதிகம் செலவழிக்காததால் மூளை நிறையவே மிச்சம் இருந்தது.) ஒன்பது கிலோவில் பூட்டு செய்தேன். அதன் முகத்தில் ஆறு இதழோடு ஒரு பூ. கீழ் இதழை நகர்த்திவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். நகர்த்தாமல் திருப்பினால் பூட்டு சாவியைக் கவ்விக்கொள்ளும். பிறகு இதழை நகர்த்தினால்தான் விடும். சாமி திருப்புவார், மாட்டும். ஆயர் திகைப்பார். நான் கூட்டத்திலிருந்து நடந்து வந்து, ஒரே விரலால் இதழைத் தள்ளித் திறப்பேன். இது யார் கோயில் என்று அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

திட்டத்தை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"கோயில் தொறக்குற அன்னைக்குன்னு தொறக்காத பூட்டு செய்யிற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் கதவில் பூட்டை மாட்டி, தங்க நிற எனாமல் பெயிண்ட் ஒரு கோட் அடித்தேன். விடிந்ததும் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு கோட்.

ஆயர் வந்தார். மேளம் நின்றது. பங்குச்சாமி சாவியைப் போட்டுத் திருப்பினார். மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ஆயர் திகைத்தார். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. மனதுக்குள் பத்து எண்ணி, ஜரிகைத் துண்டைச் சரிசெய்து, வழிவிட்ட கூட்டத்தின் நடுவே நடந்து போய் இதழைத் தள்ளினேன்.

நகரவில்லை. கட்டைவிரலால் தள்ளினேன். இரண்டு கட்டைவிரலாலும் தள்ளினேன். ரெண்டு கோட் எனாமலும் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பூவைப் பூட்டோடு ஒட்டிவிட்டிருந்தது.

"ஏலே அருளாந்து, என்னலே தடவிக்கிட்டு நிக்கிற?" என்றார் என் பெரியப்பா மகன் ஞானப்பிரகாசம்.

"செத்த நேரம் பொறுண்ணே."

பொறுக்கவில்லை. திண்டுக்கல்லின் இருபது பூட்டுக்காரர்களும் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் மண்ணெண்ணெய் என்றார், ஒருத்தர் கம்பி என்றார். கடைசியில் ஞானப்பிரகாசம் சம்மட்டியை வாங்கி ஓங்கி அடித்தார். சம்மட்டியின் பிடி முறிந்தது. பூட்டில் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. அந்த நேரத்திலும் எனக்கு லேசாகப் பெருமையாக இருந்தது.

அரைமணி நேரம் ஆனது. ஆயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள போக வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பாடகர் குழுவின் கீபோர்டு உள்ளே இருந்ததால் பக்கக் கதவுச் சாவி அவரிடம்தான் இருந்தது. போட்டார், திருப்பினார், திறந்தது. அலிகார்.

எங்கள் இருபது குடும்பமும் சிலுவையோடு முன்னால் போவது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். பக்கக் கதவில் ஒரு நேரத்துக்கு ஒன்றரை ஆள்தான் போகலாம். சிலுவை ரயில்வேக்காரர் கைக்குப் போனது; ஞானப்பிரகாசம் பேங்க் மேனேஜரின் அக்குளுக்குள் தலையை விட்டு நுழைந்தார். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் மரியபுஷ்பம். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் கோயிலுக்குள் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பூசை முடியும் வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பக்தியில் அழுகிறாள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சாப்பாட்டின்போது ஆயர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல வேலைக்காரர் நீங்க. அந்தக் கதவு வழியா யாரும் உள்ள வர முடியாது."

இரண்டு நாள் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மரியபுஷ்பம்தான் விளக்கினாள்.

கேஸ் கட்டர் வைத்துப் பூட்டை அறுத்து எடுத்தோம். ஆனால் மறுவருஷத் திருவிழாவில், போன தடவை மாதிரிதானே என்று யாரோ ஊர்வலத்தைப் பக்கக் கதவுக்குத் திருப்பினார்கள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. காலனி மேலும் ரெண்டு காலனி ஆனது. புதிதாக வருகிறவர்களிடம், எங்க கோயிலில் திருவிழா அன்றைக்குப் பக்கவாசல்தான் என்று முந்தின வருஷம் வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

பத்து வருஷம் கழித்து ஒரு விழா மலர் போட்டார்கள். என் மருமகள் வாசித்துக் காட்டினாள். கம்ப்யூட்டர் படித்த ஒரு பையன் எழுதியிருந்தான்: தலைவாசலை விட்டுவிட்டுப் பக்கவாசலில் நுழைவது நம் முன்னோர் தாழ்மையோடு ஏற்படுத்திய தொன்மையான மரபாம். கீழே 'நம் முன்னோர்' என்று போட்டு ரெண்டு போட்டோ. ஒன்று நான். பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர்.

டீச்சருக்குப் போன் போட்டேன். "பாத்தீங்களா டீச்சரம்மா?"

"பாத்தேன் அண்ணே. நான் இன்னும் ரிட்டயர்டே ஆகல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ யாரும் குறிப்பிடுவதில்லை. மத்தியானம் சோறும் தொடுகறியும் வைக்கும்போது மரியபுஷ்பம் அடுப்படியிலிருந்து மருமகளிடம் கேட்பாள்:

"ஏத்தா, முன்னோருக்கு வெஞ்சனம் வச்சாச்சா?"