உன் கார் விலைபோகாத விவரம்

சிரஞ்சீவி உமேஷுக்கு,

சேலையூரிலிருந்து அக்கா நித்யஸ்ரீ எழுதுவது. இங்கே உன் காரைத் தவிர எல்லோரும் சௌக்கியம். மெல்பர்னில் நீயும் ஸ்ம்ருதியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "அக்கா ஏன் இவ்ளோ படபடன்னு பேசறா?" என்று உன் அத்திம்பேரிடம் விசாரிக்கிறாய். ஆகவே கடிதம்.

"வரவரைக்கும் ஓட்டிண்டிரு" என்று கொடுத்துவிட்டுப் போன காரை, இப்போது "சும்மாதானே நிக்கறது, வித்துடு" என்கிறாய். உன் கார், உன் இஷ்டம். அது சும்மா நிற்கவில்லை, தினமும் என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது, அத்திம்பேர் எப்போது வந்து அழைத்துப்போவார் என்று தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கைப்பையை அணைத்துக்கொண்டு நிற்கும் வழக்கம் இந்த வயதில்தான் ஒழிந்தது என்பதையெல்லாம் நான் வாதமாக வைக்கவில்லை. தகவலாகச் சொன்னேன்.

விஷயம், சத்தம். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆரம்பித்தது. அத்திம்பேரைத்தான் உனக்குத் தெரியுமே. "ஸ்டியரிங்குக்கு மட்டும் பொட்டு வெச்சா இன்ஜின் கோச்சுக்கும்" என்று பானெட்டைத் திறந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டப் போனவரைப் பெட்ரோல் வண்டி என்று சொல்லி நான்தான் தடுத்தேன். அந்தக் களேபரத்தில் அம்மாவின் பித்தளைக் குங்குமச் சிமிழை எங்கோ வைத்துவிட்டு இன்றுவரை பூஜை அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறார், அது வேறு கதை. மறுநாள் கேம்ப் ரோட்டில் வேகத்தடை ஏறியதும் முன்னால் 'கடங்' என்றது. திரும்பினால் 'கரகர'. ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமில்லை, பெற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் சாதுவாகிவிடும் விருந்தாளிக் குழந்தைகளைப் போல.

மெக்கானிக் ஜெபகுமாரிடம் போனேன். "சீரற்ற இடைவெளியில், கனமான ஏதோ ஒன்று மோதுவதுபோல வருகிறது" என்று விளக்கினேன். "இன்னா மேடம், பரீட்சைப் பேப்பர் மாரி சொல்றீங்கோ? சவுண்டு எப்டி கீதுன்னு வாயால போட்டுக் காட்டுங்கோ" என்றார். இருபது வருஷமாகப் புள்ளியியல் கற்பிக்கிறவள் ஷெட்டில் நின்று 'கடங்' என்று கத்த முடியுமா? எழுதலாம், கத்த மாட்டேன். கூட வந்த உன் அத்திம்பேருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை; கன்னத்தை உப்பவைத்து, தோளைக் குலுக்கி முழுக் கச்சேரியே செய்தார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து கேட்டார்கள். ஜெபகுமார் கண்ணை மூடி ரசித்துவிட்டு, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது என்று தீர்ப்பளித்து, புதிது மாட்டினார். திரும்பி வரும்போது முதல் வேகத்தடையிலேயே 'கடங்'. போன் செய்தால், "அது பழைய சவுண்டு இல்ல மேடம், புதுசு" என்கிறார்.

அப்புறம் எதிர் வீட்டு வேதசிரோமணி சார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்துப் பிடியில் காதை வைத்துக் கேட்டு, "சக்கரத்துல பேரிங் போச்சும்மா" என்றார். எதைக் கேட்டாலும் அவருக்குச் சக்கரம்தான். நீ மட்டும் என்ன? வீடியோ காலில், "அக்கா, போனை பானெட் உள்ள வை, கம்னு இரு" என்று அதட்டிக் கேட்டுவிட்டு, டர்போ போய்விட்டது என்றாய். உன் காரில் டர்போவே கிடையாது, உமேஷ். நீ கேட்டது ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய விமானம்.

இப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை உன் நண்பர் அனுப்பிய ஆபேல் பல்லாவரத்திலிருந்து காரைப் பார்க்க வந்தார். தங்கமான மனிதர். எதையும் மறைக்கவில்லை நான். ஆயுத பூஜையிலிருந்தே சத்தம் வருகிறது, பார்த்தவர்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். ஒரு சுற்றுப் போய் வந்து மெதுவாக இறங்கி, "சிஸ்டர், வண்டிய நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா உள்ள யாரோ இருக்காங்க" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கும் வருத்தம்தான். இந்த நிலையில் இதை யார் தலையில் கட்டுவது? பாவம் வேண்டாம். நீ ஊருக்கு வரும்வரை நானே சகித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்ம்ருதியிடம் நான் விசாரித்ததாகச் சொல். குன்றத்தூர் முருகன் உங்கள் இருவருக்கும் சத்தமில்லாத வாழ்வைக் கொடுக்கட்டும்.

ஆசிகளுடன்,
அக்கா நித்யா

பின்குறிப்பு: அம்மாவின் சிமிழ் கிடைத்துவிட்டது. இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கிறதே, அதில் உருண்டுகொண்டிருந்தது. ஆபேல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு டார்ச்சும் சமையலறை இடுக்கியுமாக நானே எடுத்தேன். ஞாயிறு காலை எடுத்த இடத்திலேயே போட்டேன். அவர் போனதும் மறுபடி எடுத்துவிட்டேன். இப்போது வண்டி பட்டுப்போல ஓடுகிறது. ரப்பர் தானாகவே படிந்துவிட்டது என்று அத்திம்பேர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கெடுத்துவிடாதே. இன்னொருவரைப் பார்க்க அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே சொல். இன்ஜின் ஆறியிருந்தால்தான் சிமிழை உள்ளே போட வசதி.