மாதாவைக் கைமாற்றிய கூட்டம்

கவலைப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இத்தாலியின் பலெர்மோவில் உள்ள எந்தப் படித்த சின்யோராவை, அதுதான் இந்த ஊர் அம்மணியை, விடவும் திறமாகக் கவலைப்படுவேன். பஸ் ஏறினால், கேஸை மூடினேனா என்று கவலை. மூடியது ஞாபகம் வந்தால், ஏன் இவ்வளவு வடிவாக ஞாபகம் இருக்கிறது என்று அடுத்த கவலை.

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு கூட்டத்தை நடத்தச் சொன்னார்கள்.

சங்கதி இதுதான். பதிவு, பத்திரம் என்று நாங்கள் போகும் நகரசபைப் பகுதி அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்க நிறைய யன்னல்கள் இருந்தன. ஆனால் எங்கள் நிறத்தில் யார் போனாலும் கடைசி யன்னலைத்தான் காட்டுவார்கள். அது வியாழன் காலையில் மட்டும் திறக்கும். ஒவ்வொரு வியாழனும் லீவு கேட்டுக் கேட்டே என் சிநேகிதி தேவி அக்காவுக்கு ஒரு வீட்டில் பார்த்த வேலை போனது. (தேவி அக்கா மொரீசியஸ்காரி, முருக பக்தை. அவவின் தமிழ் தேவாரத்தோடு சரி. நாங்கள் கதைப்பது இத்தாலியனில்.)

விஷயம் பெரிதானதும், அலுவலக ஆட்களும் நாங்களும் வட்டமாக இருந்து, நிறம் பார்க்கிற இந்த வழக்கத்தைப் பற்றி மனம் விட்டுக் கதைப்பது என்று முடிவானது. நடத்துகிறவர் எங்கள் ஆளாக இருக்க வேண்டுமாம். எங்கள் தேவாலயப் பாதிரியார், பங்குச் சுவாமி, என் பெயரைக் கொடுத்துவிட்டார். சுவாமிக்கு மாட்டேன் என்று சொல்லும் துணிவு என் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை.

கூட்டம் நடத்த எனக்குப் பயிற்சி தந்த சின்யோரா விதியைச் சொன்னா. ஒரு பொருள் வட்டத்தில் கைமாறி வரும். அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். நடத்துகிறவர் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. பொருளை நான்தான் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும்: கைக்கு அடக்கமாக, எல்லாரும் மதிக்கிற மாதிரி.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அகப்பையை எடுத்தேன். "அதைக் கண்டா சனம் கோப்பையோட வந்து நிக்கும்" என்றார் என் கணவர். டிவி ரிமோட்டை எங்கள் வீட்டில் யாரும் மதிப்பதில்லை, பறிப்பதுதான். கடைசியில் பிரிட்ஜுக்கு மேலே நின்ற எங்கள் இலங்கை மடுக் கோவில் மாதாவின் சின்னச் சொரூபம் கண்ணில் பட்டது. எல்லாரும் மதிப்பார்கள் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மதித்தார்கள். அதுதான் பிரச்சினை.

வட்டத்தில் முதலாவதாக இருந்தது எங்கள் மன்னார் பிலோமினா அன்ரி. சொரூபத்தை வாங்கினா, முத்தமிட்டா, சிலுவை போட்டா, பக்கத்தில் கொடுத்தா. ஒரு சொல் இல்லை. அடுத்தவரும் முத்தமிட்டுக் கொடுத்தார். ஒரு சிசிலிக்கார அம்மா கைலேஞ்சியால் மாதாவின் முகத்தைத் துடைத்துவிட்டு முத்தமிட்டா. தேவி அக்காவாவது பேசுவா என்று பார்த்தேன். அவ கண்ணில் ஒற்றி, தலை குனிந்து, பக்தியோடு கொடுத்துவிட்டா.

இதைப் பேசத்தானே அக்கா புதுச் சீலை கட்டிக்கொண்டு வந்தா! நான் கண்ணைக் காட்டினேன். அவ எனக்கும் ஒரு கும்பிடு போட்டா. (நான் வாய் திறக்கக் கூடாதே.) பிலோமினா அன்ரி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினா. சிசிலிக்காரர் இத்தாலியனில் சேர்ந்துகொண்டார்கள். பயிற்சி தந்த சின்யோரா என்னைப் பார்த்த பார்வையில், செத்தவர்கள் பாவம் தீர வேகும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு நான் உயிரோடேயே போய் வந்தேன்.

மாதா கடைசி ஆளிடம் போனா. அவர்தான் கடைசி யன்னல்காரர், மீசை வைத்த மனிதர். அவரும் முத்தமிட்டார். ஆனால் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். செபமும் மெல்ல நின்றது.

"இவவை வச்சுக்கொண்டு நான் சும்மா இருக்கேலாது" என்றார். "உங்களைக் கடைசி யன்னலுக்கு விடச் சொல்லி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு முன்னுக்கு இருந்தவர் அப்படிச் செய்தவர். நானும் செய்தன்."

தேவி அக்கா எழும்பினா. நேரே போய்க் கையை நீட்டினா. "இஞ்சை தாங்கோ."

வாங்கினா. இந்த முறை கண்ணில் ஒற்றவில்லை. "ஏன் மற்ற யன்னலுக்குப் போகேலாதெண்டு நான் உங்களைக் கேட்டனான். நீங்கள் வாய் திறக்கேல்லை. விரலைத்தான் காட்டினீங்கள். எனக்கு வேலை போச்சுது."

"ஓம்" என்றார் அவர். "காட்டினனான்."

அதற்குப் பிறகு மாதாவுக்கு ஓய்வே இல்லை. எல்லாரும் கை நீட்டினார்கள்.

இப்போது நாங்கள் எந்த யன்னலுக்கும், எந்த நாளும் போகலாம். தேவி அக்கா புது வீட்டில் வேலை செய்கிறா. மீசைக்காரர் என்னைக் கண்டால், "அம்மா சுகமோ?" என்று மாதாவைத்தான் விசாரிப்பார். பயிற்சி தந்த சின்யோரா இது புது முறை என்று பாராட்டினா. (நான் மறுக்கவில்லை.)

வீட்டில்தான் கரைச்சல். யாராவது ஏதாவது மறைத்தால் பிரிட்ஜ் பக்கம் ஒரு கை போகும். மகள் மொண்டெல்லோக் கடற்கரைக்கு யாரோடு போனாள் என்பதெல்லாம் இப்படித்தான் வெளிவந்தது. போன கிழமை, யோசனையாக இருந்த என்னிடம் கணவர் என்ன என்று கேட்டார். எனக்கு ஒரு கவலையும் இல்லை என்றேன்.

மனுசன் எழும்பிப் போய் மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சேருமப்பா, இதைப் பிடிச்சுக்கொண்டு சொல்லும்."

நான் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.